மரக்கலத்தில் நீராவி: வரிசைப் போர்க்கப்பல்களின் இறுதிக் காலம், 1845–1870

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடற்படை வரலாற்றை எழுதுவோரில் பலர், 1805இல் நடந்த டிரஃபால்கர் போரில் தொடங்கி, 1860இல் ‘வாரியர்’ என்னும் இரும்புக் கவசக் கப்பல் நீரில் இறங்கிய நாளுக்கு நேராக வந்துவிடுகின்றனர். இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஐரோப்பாவின் கடற்படைகளைத் தாங்கி நின்றவை, மர உடலும் மூன்று பாய்மரங்களும் கொண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே நீராவி இயந்திரமும் திருகு உந்தியும் பொருத்தப்பட்ட போர்க்கப்பல்கள். இவற்றைப் பழமைக்கும் புதுமைக்கும் நடுவே தோன்றி மறைந்த பயனற்ற கலப்பினமாகக் கருதும் போக்கு நெடுங்காலம் நிலவியது. ஜேம்ஸ் ஃபின்னி பாக்ஸ்டர் 1933இல் வெளியிட்ட, கவசக் கப்பலின் வருகையைப் பற்றிய நூல் இன்றும் மதிக்கப்படும் ஆய்வு எனினும், அதன் பார்வை இயல்பாகவே இரும்புத் தகட்டின் மீதே நிலைகொண்டிருந்தது. ஆண்ட்ரூ லாம்பர்ட் 1984இல் வெளியிட்ட ஆய்வுதான் மரத்தாலான நீராவிப் போர்க்கப்பலைத் தனக்கென ஒரு காலமும் தகுதியும் உடைய படைக்கலமாக முதன்முறையாக விரிவாக நிறுவியது. கடற்போரின் இயல்பை மாற்றியதில் முதலிடம் கவசத்துக்கு உரியதா, இயந்திரத்துக்கு உரியதா என்பதே இவ்விரு பார்வைகளுக்கும் இடையே உள்ள வழக்கு. சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இயந்திரத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது. கவசம் என்பது இயந்திரம் எழுப்பிய போட்டியில் பின்தங்கத் தொடங்கிய ஒரு நாடு கண்டறிந்த மறுமொழியாகவே தோன்றுகிறது.

வரிசைப் போர்க்கப்பல் என்பது, இரண்டு அல்லது மூன்று அடுக்குகளில் எழுபது முதல் நூற்றிருபது வரையான பீரங்கிகளைச் சுமந்து, போர்க்களத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, தன் பக்கவாட்டுப் பீரங்கிகளை ஒருசேர முழங்கச் செய்யும் பெருங்கப்பல் ஆகும். இத்தகைய கப்பல் ஒன்றைக் கட்ட ஆயிரக்கணக்கான ஓக் மரங்கள் வேண்டியிருந்தன. அதை நடத்த அறுநூறு முதல் ஆயிரம் பேர் வரை தேவைப்பட்டனர். இவ்வளவு வலிமையும் காற்றின் தயவில் இருந்தது. எதிர்க்காற்றில் துறைமுகத்தை விட்டு வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடப்பதும், காற்று ஓய்ந்தால் பகைவரின் கண்ணெதிரே அசைவற்று நிற்பதும் அக்காலக் கடற்படைத் தலைவர்களின் அன்றாடப் பாடு. முழுவதும் பாய்க்கப்பல்களைக் கொண்டே நடத்தப்பட்ட கடைசிப் பெரும் போர் 1827இல் கிரேக்கக் கரையோரம் நவரினோ விரிகுடாவில் நிகழ்ந்தது. அதில் பிரித்தானிய அட்மிரல் காட்ரிங்டனின் கொடிக்கப்பலாக, அதாவது தளபதி அமர்ந்து ஆணையிடும் கப்பலாக இருந்த ‘ஏசியா’, பம்பாய்க் கப்பல் துறையில் பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்தினர் தேக்கில் கட்டிய கப்பல் ஆகும்.

நீராவி அப்போது புதியதன்று. சிறிய கப்பல்களிலும் இழுவைக் கப்பல்களிலும் அது 1820களிலேயே பயன்பட்டு வந்தது. ஆனால் கப்பலின் இரு பக்கங்களிலும் சுழலும் துடுப்புச் சக்கரத்தால் இயங்கும் கலம் வரிசைப் போர்க்கப்பலாக முடியவில்லை. சக்கரங்களும் அவற்றை மூடிய கூடுகளும் பீரங்கிகள் நிற்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டன. பகைவரின் ஒரு குண்டு சக்கரத்தைத் தகர்த்தால் கப்பல் முடங்கிவிடும். இயந்திரத்தின் பெரும்பகுதியும் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தது. இந்தத் தடையை நீக்கியது பின்பகுதியில் நீருக்கு அடியில் சுழலும் திருகு உந்தி. பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும் ஜான் எரிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளரும் 1836இல் தனித்தனியே இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஸ்மித்தின் ‘ஆர்க்கிமிடீஸ்’ கப்பல் அதன் பயனை நடைமுறையில் காட்டியபின், பிரித்தானியக் கடற்படை ‘ராட்லர்’ என்னும் கப்பலைத் திருகு உந்தியுடன் கட்டியது. 1845 ஏப்ரலில் அதையும் துடுப்புச் சக்கரக் கப்பலான ‘அலெக்டோ’வையும் பின்புறமாகக் கயிற்றால் பிணைத்து எதிரெதிர்த் திசைகளில் இயக்கியபோது, ‘ராட்லர்’ மற்றதை மணிக்கு இரண்டு கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

பாடநூல்களில் பெரிதும் பேசப்படும் இந்தக் காட்சி உண்மையில் எதையும் முடிவு செய்யவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்த அமைதியான ஒப்பீட்டுச் சோதனைகளே கடற்படைத் தலைமையைத் திருகு உந்தியின் பக்கம் திருப்பியிருந்தன. கயிற்றுப் போட்டிக்கு முன்பே பல திருகுக் கப்பல்களுக்கு ஆணை தரப்பட்டிருந்தது. பிரித்தானியக் கடற்படை அமைச்சகமான அட்மிரால்டி நீராவியைக் கண்டு அஞ்சி ஒதுக்கிய முதியவர்களின் கூடாரம் என்ற கதையும் இதுபோன்றதே. நீராவி பேரரசின் கடல் ஆதிக்கத்துக்கு ஊறு செய்யும் என்று 1828இல் கடற்படை அமைச்சரான மெல்வில் பிரபு எழுதியதாக எடுத்துக்காட்டப்பட்டு வந்த கூற்றின் நம்பகத்தன்மையைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். மிகப்பெரிய பாய்க்கப்பல் படையை வைத்திருந்த நாடு, அதைத் தானே முதலில் பயனற்றதாக்க விரும்பாமல், பிறர் முன்னேறும்போது அவர்களை விரைவாக விஞ்சும் ஆற்றலைத் தயார்நிலையில் வைத்திருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். அதைச் சோம்பல் என்று சொல்வது அந்த நாட்டின் தொழிற்சாலைகளை மறந்துவிட்டுப் பேசுவதாகும்.

முதல் அச்சம் பிரான்சிலிருந்து வந்தது. பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பின் மகனும் கடற்படை அதிகாரியுமான ஜுவான்வில் இளவரசர் 1844இல் வெளியிட்ட சிறு நூல், நீராவிக் கப்பல்களைக் கொண்டு ஆங்கிலக் கரையைத் தாக்கும் வாய்ப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. அடுத்த ஆண்டே பால்மர்ஸ்டன் பிரபு, நீராவி ஆங்கிலக் கால்வாயை எளிதில் கடக்கும் பாலமாக்கிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தார். விளைவாக, ‘பிளென்ஹைம்’, ‘ஏஜாக்ஸ்’, ‘ஹோக்’, ‘எடின்பரோ’ ஆகிய நான்கு பழைய வரிசைக் கப்பல்களில் 450 பெயரளவுக் குதிரைத்திறன் கொண்ட இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. பெயரளவுக் குதிரைத்திறன் என்பது உருளையின் அளவைக் கொண்டு வணிக வழக்கில் கணக்கிடப்பட்ட அலகு. இயந்திரம் உண்மையில் தந்த ஆற்றல் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். துறைமுகக் காவலுக்கென மாற்றப்பட்ட இந்த நான்கு கப்பல்களும் எதிர்பாராத வகையில் திறந்த கடலிலும் நன்றாகவே நடந்துகொண்டன. பாய்க்கு இயந்திரம் துணையாக நிற்கும் என்பதே அதுவரையான எண்ணம். இயந்திரமே முதன்மையாகலாம் என்ற துணிவு வேறொருவரிடமிருந்து வந்தது.

அவர் பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பாளர் துப்புயி தெ லோம். 1842இல் இங்கிலாந்துக்குச் சென்று இரும்புக் கப்பல் கட்டும் முறையைக் கற்றுத் திரும்பிய அவர், முதலிலிருந்தே நீராவிக்கென்று வடிவமைக்கப்பட்ட வரிசைப் போர்க்கப்பலைத் தூலோன் துறையில் கட்டினார். அது முதலில் ஜுவான்வில் இளவரசரின் பெயரால் அழைக்கப்பட இருந்தது. 1848 புரட்சிக்குப்பின் புரட்சி நாளான ‘பிப்ரவரி 24’ என்னும் பெயரைப் பெற்றது. 1850 மே மாதம் ‘நெப்போலியன்’ என்ற பெயருடன் நீரில் இறங்கியது. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் மாறினாலும் வடிவமைப்பு மாறவில்லை என்பது அதன் பின்னிருந்த தொழில்நுட்பத் துறையின் உறுதியைக் காட்டுகிறது. தொண்ணூறு பீரங்கிகளுடன் அது சோதனை ஓட்டங்களில் மணிக்கு 12 கடல்மைலுக்கு மேல் ஓடியது. பெரிய வரிசைப் போர்க்கப்பல் ஒன்று காற்றைப் பொருட்படுத்தாமல் இந்த வேகத்தில் விரும்பிய திசையில் செல்லக்கூடும் என்பது, அதுவரை வகுக்கப்பட்டிருந்த கடற்போர்த் தந்திரங்களின் அடித்தளத்தையே அசைத்தது.

அந்தக் கப்பல்களின் உட்புறத்தைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்; ஏனெனில் அவற்றின் வலிமையும் வரம்பும் அங்கேதான் இருந்தன. பகைவரின் குண்டுக்கு எட்டாதபடி இயந்திரம் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே அமையவேண்டியிருந்ததால், உருளைகள் நிமிர்ந்து நிற்காமல் படுக்கைவாட்டில் வைக்கப்பட்டன. லண்டனின் ஜான் பென் நிறுவனம் இத்தகைய இயந்திரங்களில் புகழ்பெற்றது. கொதிகலன்கள் சதுரப் பெட்டி வடிவில் இருந்ததால் அதிக அழுத்தத்தைத் தாங்கமாட்டா. ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 பவுண்டு அழுத்தமே வழக்கம். உள்ளே கொதித்தது கடல்நீர். ஆகவே உப்புப் படிந்து தகடுகளைக் கெடுப்பதைத் தடுக்க, அடிக்கடி செறிந்த நீரை வெளியேற்றிப் புதிய நீரை நிரப்பவேண்டியிருந்தது; அதனுடன் வெப்பமும் எரிபொருளும் வீணாயின. ஒரு குதிரைத்திறனை ஒரு மணிநேரம் பெற ஏறத்தாழ இரண்டு கிலோ நிலக்கரி எரிந்தது. முழு வேகத்தில் ஓடினால் ஒரு வாரத்துக்குள் கிடங்கு காலியாகிவிடும் நிலையில், நெடும்பயணத்தில் பாயே துணை. பாய் விரித்துச் செல்லும்போது நீரில் நிற்கும் உந்தி வேகத்தைக் குறைக்குமாதலால், பின்பகுதியில் ஒரு கிணறு போன்ற துளை வழியே பல டன் எடையுள்ள அந்த வெண்கல உந்தியை நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறிழுத்து மேலே ஏற்றினர். புகைபோக்கியையும் அடுக்கடுக்காக உள்ளிழுத்துத் தாழ்த்தினர். உந்தியைச் சுழற்றும் நீண்ட தண்டு கப்பலின் உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்து நீர் கசியத் தொடங்கியது பெருந்தொல்லையாக இருந்தது. பென் 1854இல், தாங்கியின் உட்புறத்தில் லிக்னம் வைட்டே என்னும் மிகக் கடினமான வெப்பமண்டல மரத்தின் பட்டைகளைப் பதித்து, கடல்நீரையே மசகாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டு அதைத் தீர்த்தார். நீராவிக் கடற்படையை நெடும்பயணத்துக்குத் தகுதியாக்கிய கண்டுபிடிப்புகளில் இதற்கு உரிய இடம் அரிதாகவே தரப்படுகிறது.

இயந்திரத்துடன் புதிய மனிதர்களும் கப்பலுக்குள் வந்தனர். வெளிச்சமும் காற்றும் குறைந்த அடித்தளத்தில், உலைவாய்களின் முன்னே நின்று நிலக்கரி அள்ளிப்போட்ட தீத்தொழிலாளர்களின் உழைப்பே கப்பலின் வேகம். போர் வெற்றிகளைப் பாடும் நூல்களில் அவர்களுக்குப் பெயரில்லை. இது வரலாற்றெழுத்தின் குறையே அன்றி அவர்களுடைய பங்கின் குறைவன்று. மேல்தளத்து அதிகாரிகள் பிறப்பாலும் பழக்கத்தாலும் வேறு உலகத்தவர்; தொழிற்சாலைகளில் பயின்று வந்த பொறியாளர்களைத் தம்முடன் சமமாக அமர்த்த அவர்கள் தயங்கினர். 1847இல் பிரித்தானியக் கடற்படையின் மூத்த பொறியாளர்களுக்கு ஆணைபெற்ற அதிகாரிகளின் தகுதி வழங்கப்பட்டபோதும் அந்தத் தயக்கம் உடனே மறைந்துவிடவில்லை. நிலக்கரியும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று: ஹென்றி டிலா பெஷ், லயன் பிளேஃபேர் ஆகிய அறிவியலாளர்கள் கடற்படைக்காக நடத்திய சோதனைகளின் வழியே, குறைந்த புகையும் மிகுந்த வெப்பமும் தரும் தெற்கு வேல்ஸ் நிலக்கரியின் மேன்மை நிறுவப்பட்டது.

‘நெப்போலியன்’ எழுப்பிய சவாலுக்குப் பிரித்தானியாவின் மறுமொழி 1852இல் நீரில் இறங்கிய ‘அகமெம்னான்’. 91 பீரங்கிகளும் 600 பெயரளவுக் குதிரைத்திறனும் கொண்ட அந்தக் கப்பல், கப்பல் வடிவமைப்புத் துறையின் தலைவராக இருந்த பால்ட்வின் வாக்கரின் கொள்கைக்கு எடுத்துக்காட்டு: எதிரியின் ஒவ்வொரு புதுமையையும் அளந்து, அதைவிடச் சற்றே மேலானதை அதிக எண்ணிக்கையில் கட்டுவது. கட்டிக்கொண்டிருந்த பாய்க்கப்பல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ‘விண்ட்சர் காசில்’ என்னும் மூன்றடுக்குக் கப்பல் கட்டுதளத்தில் நின்றபோதே இரண்டு இடங்களில் அறுக்கப்பட்டு, மொத்தம் ஏறத்தாழ 30 அடி நீட்டிக்கப்பட்டு, ‘சிமூம்’ என்ற இரும்புக் கப்பலுக்காகச் செய்யப்பட்டிருந்த இயந்திரம் அதில் இறக்கப்பட்டது. 1852 செப்டம்பர் 14 அன்று அது நீரில் இறங்கியது. அன்றே வெலிங்டன் கோமகன் மறைந்ததால், பின்னர் அவர் பெயரையே பெற்றது. 131 பீரங்கிகளைச் சுமந்த ‘டியூக் ஆஃப் வெலிங்டன்’ அப்போது உலகின் மிக வலிமையான போர்க்கப்பல். இவ்வளவு நீண்ட மர உடல் வளையாமல் நின்றதற்கு, ராபர்ட் செப்பிங்ஸ் ஒரு தலைமுறைக்கு முன்பே புகுத்திய குறுக்குச் சட்ட முறை காரணம். விலா எலும்பைப் போன்ற சட்டங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டில் பிணைப்புகளை இட்டுக் கப்பலை விறைப்பாக்கும் அந்த முறை இல்லையெனில், இயந்திரத்தின் எடையையும் உந்தியின் அதிர்வையும் எந்த மரக்கலமும் தாங்கியிருக்காது.

புதிய கப்பல்களின் முதல் பயன் போரில் அன்று, அரசியல் மிரட்டலில் வெளிப்பட்டது. எருசலேமின் புனிதத் தலங்களைப் பற்றிய வழக்கில் உஸ்மானியப் பேரரசின் மீது அழுத்தம் கொடுக்க, 1852இல் பிரான்ஸ் ‘ஷார்ல்மேன்’ என்னும் நீராவி வரிசைக் கப்பலை டார்டனெல்ஸ் நீரிணை வழியாக இஸ்தான்புலுக்கு அனுப்பியது. நீரிணையின் வலிய எதிர்நீரோட்டத்தைத் தன் ஆற்றலால் கடந்து வந்த போர்க்கப்பலை அந்நகர மக்கள் கண்ணால் கண்டனர். 1853 அக்டோபரில், பாய்க்கப்பல்கள் எதிர்க்காற்றில் முன்னேற இயலாதிருந்த அதே நீரிணையில், ‘நெப்போலியன்’ மூன்றடுக்குக் கொடிக்கப்பலான ‘வில் த பாரி’யைக் கயிற்றால் இழுத்தபடி முன்னேறிச் சென்றது. காற்று யார் பக்கம் என்று பார்த்துப் பேச்சுவார்த்தை நடத்திய காலம் அன்றுடன் முடிந்தது எனலாம்.

அடுத்த மாதம், 1853 நவம்பர் 30 அன்று, கருங்கடலின் தென்கரையில் சினோப் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த உஸ்மானியப் படைப்பிரிவை ரஷ்ய அட்மிரல் நகிமோவ் ஆறு வரிசைக் கப்பல்களைக் கொண்டு அழித்தார். உள்ளே வெடிமருந்து நிரப்பிய குண்டை நேர்வாட்டில் எறியும் பீரங்கியை 1820களில் பிரெஞ்சுத் தளபதி பெக்ஸான் உருவாக்கியிருந்தார். ரஷ்யர் பயன்படுத்தியது அவ்வகை. மரக்கப்பல்களின் விதி சினோப்பில் எழுதப்பட்டுவிட்டது என்பது நீண்ட காலமாக ஓதப்படும் பாடம். ஆயினும் நகிமோவின் படை எதிரியைவிடப் பன்மடங்கு வலியது. பழைய திண்மக் குண்டுகளைக் கொண்டும் அவர் வென்றிருப்பார், சற்றுக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும், அவ்வளவே. அந்த நாளில் தப்பிய உஸ்மானியக் கலம் ‘தாயிஃப்’ என்னும் நீராவிக் கப்பல் என்பதில்தான் கூடுதல் பாடம் இருக்கிறது.

தொடர்ந்து, உஸ்மானியப் பேரரசின் பக்கம் நின்று பிரித்தானியாவும் பிரான்சும் ரஷ்யாவை எதிர்த்த கிரிமியப் போரே இவ்வகைக் கப்பல்களின் உண்மையான சோதனைக்களம். 1854 அக்டோபர் 17 அன்று செவாஸ்டபோலின் கரைக்கோட்டைகளை நேச நாட்டுக் கப்பல்கள் தாக்கியபோது, பாய்க்கப்பல்களைச் சிறிய நீராவிக் கப்பல்கள் பக்கவாட்டில் கட்டி இழுத்துச் சென்று களத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. பிரித்தானிய அட்மிரல் எட்மண்ட் லயன்ஸின் கொடியேந்திய ‘அகமெம்னான்’ கப்பலோ தன் இயந்திரத்தால் கோட்டைக்கு மிக அருகே சென்று நின்றது. அந்தத் தாக்குதல் தோல்வியே. ‘ஆல்பியன்’, ‘அரிதூசா’ ஆகிய பாய்க்கப்பல்கள் செப்பனிடுவதற்காகக் களத்தை விட்டே செல்லுமளவு சிதைந்தன. கற்கோட்டைகளோ பெரிதும் அசையவில்லை. மரக்கப்பல் கோட்டையுடன் மோதலாகாது என்ற பழைய விதி நீராவியால் மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். லாம்பர்ட்டின் வாதத்தை ஏற்போரும் இந்த இடத்தில் சற்று நிதானிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பால்டிக் கடலில் நடந்தது வேறு. சார்லஸ் நேப்பியரின் தலைமையில் 1854இல் சென்ற பிரித்தானியப் படை, ஓலாந்துத் தீவுகளின் பொமர்சுண்ட் கோட்டையைப் பிடித்ததைத் தவிரப் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை என்று லண்டன் செய்தித்தாள்கள் அவரை வசைபாடின. அந்த வசையில் நேர்மை குறைவு. பனி உருகிய உடனே உள்ளே நுழைந்து, ஆழம் அறியாத குறுகிய நீர்வழிகளில் காற்றை எதிர்பாராமல் நகர்ந்து, ரஷ்யாவின் பால்டிக் படை முழுவதையும் குரோன்ஸ்டாட் கோட்டைக்குப் பின்னே அடைத்துவைத்தது அந்தப் படையே. ரஷ்யாவிடம் அப்போது போருக்குத் தயாரான நீராவி வரிசைக் கப்பல்கள் இல்லை. வெளியே வந்தால் பிடிபடுவோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1855இல் சென்ற பிரித்தானியப் படையின் போர்வரிசை முழுவதும் நீராவியால் ஆனது. ஆகஸ்டில் ஹெல்சிங்கிக்கு வெளியே ஸ்வியாபோர்க் தளம் மூன்று நாட்கள் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பேரரசின் தலைநகரைக் காக்க ரஷ்யா பெருந்தரைப்படையைக் கரையோரத்தில் நிறுத்திவைக்க நேர்ந்தது இந்தக் கப்பல்களின் அச்சத்தால்தான். சுடாமலே எதிரியைக் கட்டிப்போடும் ஆற்றல் கடற்படையின் முதன்மையான பணி என்றால், அந்தப் பணியை இவை முழுமையாகச் செய்தன.

1855 அக்டோபர் 17 அன்று கருங்கடலின் கின்பர்ன் கோட்டையின் முன்னே ‘தெவஸ்தசியோன்’, ‘லாவ்’, ‘தொன்னந்த்’ என்ற மூன்று பிரெஞ்சு மிதவைப் பீரங்கித்தளங்கள் இரும்புத் தகடு போர்த்தி நின்றன. தம்மீது பட்ட குண்டுகளைப் பெரும் சேதமின்றித் தாங்கி, கோட்டை சரணடையும்வரை அவை சுட்டன. மணிக்கு நான்கைந்து கடல்மைல் நகரவே திணறிய அவற்றைக் கப்பல் என்று சொல்வது கடினம். ஆயினும் துப்புயி தெ லோமின் சிந்தனையில் அவை ஒரு வழியைத் திறந்தன.

போருக்குப்பின் இரு நேச நாடுகளும் ஒன்றையொன்று நோக்கிக் கப்பல் கட்டத் தொடங்கின. 1858 ஆகஸ்டில் ஷெர்பூர்க் கடற்படைத் தளத்தின் திறப்பு விழாவுக்கு விக்டோரியா அரசியைப் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் மூன்றாமவர் அழைத்துக் காட்டியது, நட்பின் பெயரால் நடந்த ஆற்றல் காட்சியே. அந்த ஆண்டின் இறுதியில் முடிவுற்ற நீராவி வரிசைக் கப்பல்களின் எண்ணிக்கையில் இரு நாடுகளும் ஏறத்தாழச் சமமாக நின்றது லண்டனில் பெரும் பீதியைக் கிளப்பியது. முடிவில் பிரித்தானியா 18 புதிய கப்பல்களைக் கட்டி 41 பழைய கப்பல்களை மாற்றியது. பிரான்ஸ் 10 கட்டி 28 மாற்றியது. ரஷ்யா, உஸ்மானியப் பேரரசு, ஸ்வீடன், டென்மார்க், நேப்பிள்ஸ், ஆஸ்திரியா ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டிலிருந்து ஒன்பது வரையே இருந்தன. உலகின் பிற நாடுகள் இந்தப் பந்தயத்தில் நுழையவே இல்லை. ஒரு நாட்டின் இயந்திரத் தொழிலும் கருவூலமும் சேர்ந்தே அதன் கடற்படையை அளக்கும் காலம் வந்துவிட்டது.

மாற்றப்பட்ட பிரித்தானியக் கப்பல்களில் பம்பாய்த் தேக்கும் இருந்தது. 1848இல் பம்பாயில் நீரில் இறங்கிய ‘மியானி’ என்னும் 80 பீரங்கிக் கப்பலும், அங்கேயே 1828இல் கட்டப்பட்ட ‘பாம்பே’யும் பின்னர் இங்கிலாந்தில் திருகு உந்தி பெற்றன. வாடியா குடும்பத்தின் அர்தேசிர் கர்சேட்ஜி இயந்திரப் பொறியாளராகி, 1841இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பம்பாய் நீராவித் தொழிற்கூடத்தின் தலைமையை ஏற்றிருந்தார். திறமை இல்லாததால் பம்பாய்க்கு நீராவிப் போர்க்கப்பல் கட்டும் வேலை வராமல் போகவில்லை. பெரிய இயந்திரங்களை வார்க்கும் ஆலைகளும் அவற்றுக்கான முதலீடும் தேம்ஸ், கிளைடு ஆறுகளின் கரைகளில் குவிந்திருந்ததே காரணம். மரம் தந்த நாடு, இயந்திரம் வந்தபின் பட்டியலிலிருந்து நீங்கிற்று. நீராவியின் வரலாற்றில் இந்த இழப்பு இன்னும் போதிய கவனத்தைப் பெறவில்லை.

1859இல் பிரித்தானியா கட்டிய ‘விக்டோரியா’, 121 பீரங்கிகளும் 4,000க்கும் மேற்பட்ட உண்மைக் குதிரைத்திறனும் கொண்டு, ஏறத்தாழ 7,000 டன் எடையுடன் மரக்கப்பலின் எல்லையைத் தொட்டது. அதற்கு மேல் நீட்டினால் மரப் பிணைப்புகள் இயந்திர அதிர்வில் தளர்ந்துவிடும். இப்படி ஒரு வகை தன் உச்சத்தை எட்டிய அதே ஆண்டில்தான் தூலோனில் ‘குளோர்’ நீரில் இறங்கியது. எண்ணிக்கையில் பிரித்தானியாவை இனி எட்டமுடியாது என்று உணர்ந்த பிரான்ஸ், மர வரிசைக் கப்பல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, 120 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டை ஓர் அடுக்குப் பீரங்கிக் கப்பலின் மர உடலின்மேல் போர்த்தியது. ‘குளோர்’ உண்மையில் தகடு போர்த்திய ‘நெப்போலியன்’. வடிவமைத்தவரும் அதே துப்புயி தெ லோம்தான். கவசத்தின் எடையைச் சுமந்தபடி 12, 13 கடல்மைல் வேகத்தில் ஓடக்கூடிய இயந்திரத்தையும் உடல் வடிவத்தையும் மரக்கப்பல்கள் பத்தாண்டுகளாகச் சோதித்துத் தராதிருந்தால், கவசக் கப்பல் கின்பர்னின் மிதவைத் தளமாகவே நின்றிருக்கும். பிரித்தானியாவின் ‘வாரியர்’ 1860 டிசம்பரில் தேம்ஸில் இறங்கியபோது அதன் உடல் முழுவதும் இரும்பு. நான்கரை அங்குலக் கவசத்தின் பின்னே அதிர்ச்சியைத் தாங்க 18 அங்குலத் தேக்கு இருந்தது. மேலே தூக்கக்கூடிய உந்தி, தாழ்த்தக்கூடிய புகைபோக்கி, பென்னின் படுக்கைவாட்டு இயந்திரம் ஆகிய அனைத்தும் மரக்கப்பல்களின் கொடை.

கவசக் கப்பல் வந்த மறுநாளே மரக்கப்பல்கள் மறைந்துவிடவில்லை. அமைதிக்காலப் பணிகளில் அவை இன்னும் பத்தாண்டு உழைத்தன. கவசக் கப்பல் வருவதற்குச் சற்று முன்பே அத்தகைய பணி ஒன்றில், ‘அகமெம்னான்’ 1858இல் அமெரிக்காவின் ‘நயாகரா’வுடன் நடு அட்லாண்டிக்கில் சந்தித்து, அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைக்கும் முதல் தந்திக் கம்பியைக் கடலடியில் இட்டது; ஆயிரக்கணக்கான டன் கம்பியைச் சுமந்து, காற்றைச் சாராமல் நேர்க்கோட்டில் மெல்லச் செல்ல இத்தகைய கப்பலாலேயே இயலும். 1861 டிசம்பரில், மெக்சிகோ படையெடுப்புக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற ‘காங்கரர்’ பஹாமாஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதி அழிந்தது. 1864 டிசம்பரில் தென்னமெரிக்காவின் மான்டிவிடியோவுக்கு வெளியே ‘பாம்பே’ தீப்பற்றி எரிந்தபோது தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கடைசிப் போர்க்கப்பலான ‘ஷெனண்டோவா’ 1865 நவம்பரில் லிவர்பூலில் சரணடைந்தது ‘டோனகல்’ என்னும் திருகு வரிசைக் கப்பலின் தலைவரிடமே.

போர்க்களத்தில் இவ்வகைக் கப்பலின் மிகக் கடுமையான சோதனை 1866 ஜூலை 20 அன்று ஏட்ரியாட்டிக் கடலில் லிசா தீவருகே நிகழ்ந்தது. ஆஸ்திரிய அட்மிரல் டெகெட்ஹோஃப்பின் படையில் இருந்த ‘கைசர்’, 1858இல் போலா துறையில் நீரில் இறங்கிய, கவசமற்ற இரண்டடுக்கு மரக்கப்பல். அதன் தலைவர் அன்டன் வான் பெட்ஸ், தம் மரப்படைப் பிரிவைக் காக்கும்பொருட்டு, இத்தாலியின் கவசக் கப்பலான ‘ரே டி போர்த்தகாலோ’வின் மீது நேராக மோதினார். ‘கைசரின்’ அணியமும், அதாவது முன்முனையும், முன்பாய்மரமும் முறிந்தன. பாய்மரம் புகைபோக்கியின்மேல் விழுந்து தீப்பற்றியது. ஆயினும் இயந்திரம் நிற்கவில்லை. எரிந்தபடியே அது களத்திலிருந்து விலகித் துறைமுகத்தை அடைந்தது. பாயை மட்டும் நம்பிய கப்பலாக இருந்திருந்தால் அந்த நிலையில் அழிவே முடிவு. டெகெட்ஹோஃப்பின் கொடிக்கப்பல் இத்தாலியின் ‘ரே டிடாலியா’வை மோதி மூழ்கடித்த காட்சியே உலகின் நினைவில் நின்று, பல பத்தாண்டுகளுக்குக் கப்பல்களின் முன்முனையில் மோதுமுனை பொருத்தும் வழக்கத்தை வளர்த்தது. ‘கைசர்’ பின்னர் கவசக் கப்பலாக மாற்றிக் கட்டப்பட்டது.

தொலைவான கடற்பகுதிகளில் மரக்கப்பல் நீடித்ததற்கு எளிய காரணம் உண்டு. இரும்பு அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் விரைவில் படிந்து வேகத்தைக் கெடுக்கும். செப்புத் தகடு வேய்ந்த மர அடிப்பகுதி வெப்பக்கடலில் நீண்ட நாள் தூய்மையாக இருக்கும். எனவே சீனக் கடற்பிரிவில் பிரித்தானிய அட்மிரல் ஹென்றி கெப்பலின் கொடிக்கப்பலாக ‘ராட்னி’ 1869 வரை நின்றது. முழுப்பணியில் இருந்த கவசமற்ற மர வரிசைக் கப்பல்களில் கடைசியாக அதைக் குறிப்பிடுவது வழக்கம். மற்றவை பயிற்சிக் கப்பல்களாயின. பால்டிக்கில் பணியாற்றிய ‘நைல்’, 1876 முதல் ‘கான்வே’ என்ற பெயரில் வணிகக் கப்பல் மாணவர்களுக்குப் பள்ளியாகி, 1953இல் வேல்ஸின் மெனாய் நீரிணையில் தரைதட்டி உடையும்வரை வாழ்ந்தது.

இக்கப்பல்கள் விட்டுச்சென்ற மாற்றங்களில் மிக நீண்ட நாள் நின்றது நிலக்கரிச் சார்பு. பாய்க்கப்பல் உணவும் நீரும் இருக்கும்வரை கடலில் நிற்கும். நீராவிக் கப்பலோ சில நாட்களுக்கு ஒருமுறை நிலக்கரித் துறையை நாடவேண்டும். 1870 செப்டம்பரில் பாய்மரங்களையும் கனத்த சுழல் பீரங்கிக் கூடுகளையும் ஒருங்கே சுமந்த பிரித்தானியக் கப்பலான ‘கேப்டன்’ ஸ்பெயின் கரைக்கு அப்பால் கவிழ்ந்து, அதன் வடிவத்துக்குக் காரணரான கௌப்பர் கோல்ஸ் உட்பட ஏறத்தாழ 480 பேர் மாண்டபின், பாயையும் இயந்திரத்தையும் சேர்த்தே சுமக்கும் ஏற்பாட்டின்மீதான நம்பிக்கை பெரிதும் ஆட்டம் கண்டது. பாயே இல்லாத ‘டெவஸ்டேஷன்’ 1873இல் பணியில் சேர்ந்தது. அதன்பின் நிலக்கரித் துறைகளின் பாதுகாப்பே பேரரசின் பாதுகாப்பாயிற்று. 1879இல் கார்னர்வன் பிரபுவின் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், ஏடன், சிங்கப்பூர், கொழும்பு, திருகோணமலை போன்ற துறைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. பாய்க்கப்பல் காலத்தில் எந்தப் பருவக்காற்றிலும் புகலிடம் தந்த இயற்கைத் துறைமுகம் என்பதால் திருகோணமலைக்கு இருந்த தனிச்சிறப்பு, நிலக்கரி ஏற்றும் வணிகக் கப்பல்கள் கொழும்பை நாடத் தொடங்கியதும் குறைந்தது; 1875இல் தொடங்கிய கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் பத்தாண்டுக்குள் முடிந்து, இந்தியப் பெருங்கடலின் நீராவிப் போக்குவரத்தைத் தன்பால் திருப்பிக்கொண்டது.